கருங்காலி வண்டிக்கு பிரேக் வைத்தவன்

ஓர்வல் டீக் அடிக்கிற ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்தவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களைச் சாதுவாக்கிவிடுகிற பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. ஓர்வலை அப்படி எழுதினால் அது பொய்.

அவனுடைய அப்பன் சுரங்கத்தில் மரத்தூண் நிறுத்துகிறவன். பையனுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது ஒரு நாள் பெல்ட்டைக் கழற்றினான். பையன் அதைப் பிடுங்கித் திருப்பி அடித்தான். மறு வாரம் ஊரைவிட்டுப் போன அப்பன் திரும்பவே இல்லை. முப்பது வயதில் கம்பெனி விருந்து ஒன்றில் ஒரு ஃபோர்மன் ஓர்வலின் மனைவி நெட்ராவைப் பற்றி அசிங்கமாக ஏதோ சொன்னான். அந்த ஃபோர்மனின் முகம் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்த சட்டிக்குள் போனது. சங்கச் செயலாளராக நான் ஓர்வலுக்காக நான்கு முறை கம்பெனியோடு வாதாடியிருக்கிறேன். நான்கு முறையும் அடித்தது அவன்தான். நான்கு முறையும் அவன் அடிக்கவே இல்லை என்று நான் சாதித்தேன்.

ஹாஸ்கெல் செம்பு உருக்காலையில் அவனுக்குப் பத்தொன்பது வருட வேலை. வார்ப்புச் சக்கரத்தின் அச்சுகளில் உருகிய செம்பு விழுகிற இடத்தில் நிற்பான். இரண்டு முன்னங்கையிலும் ரோமம் கிடையாது, பொரிந்த தழும்புதான். சனி ஞாயிறில் இன்னொரு வேலை பார்த்தான். மலையடிவாரத்தில் நெடுஞ்சாலை பிரியும் இடத்தில் ஒரு டிரெய்லர் கடை. அக்டோபர் பிறந்தால் வடக்கே பனிக்குப் பயந்த கிழங்கள், பிக்கப் வண்டிக்குப் பின்னால் வீட்டையே மாட்டி இழுத்துக்கொண்டு அரிசோனாவுக்கு வந்து சேரும். அந்த வீட்டு டிரெய்லர்களுக்கு பிரேக் சரிபார்த்துக் கொடுப்பதுதான் ஓர்வலின் வேலை.

இது என்ன பிரேக் என்று தெரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும். டிரெய்லர் சக்கரத்துக்குள் ஒரு மின்காந்தம் இருக்கும். இழுக்கும் வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே கைக்கடக்கமாக ஒரு கறுப்புப் பெட்டி. ஓட்டுகிறவன் பிரேக்கை மிதித்தால் பெட்டி ஒரே ஒரு நீலக் கம்பி வழியாகப் பின்னால் மின்சாரம் அனுப்பும். காந்தம் இழுக்கும், சக்கரம் பிடிக்கும். பின்னால் கம்பி ஒழுங்காகச் சேர்ந்திருந்தால் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். எவ்வளவு மின்சாரம் என்பதற்குப் பெட்டியில் எண் போட்ட சின்னத் திருகு ஒன்று உண்டு. குறைத்து வைத்தால் மூன்று டன் வீடு பின்னாலிருந்து உன்னை இறக்கத்தில் தள்ளும். கூட்டி வைத்தால் டிரெய்லர் சக்கரம் சுழலாமல் கட்டிக்கொண்டு வழுக்கும், வால் ஆடும். எந்த எண் சரி என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்காது. நேர் ரோட்டில் இருபத்தைந்து மைல் வேகத்தில் ஓட்டி, மிதியைத் தொடாமல், பெட்டிக்கு அடியில் இருக்கிற கைவிசையை ஓரம்வரை தள்ளிப் பார்க்க வேண்டும். சக்கரம் கட்டினால் எண்ணைக் குறை, இழுப்பே தெரியாவிட்டால் கூட்டு. கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்து. சுமை மாறினால் மறுபடி முதலிலிருந்து.

ஓர்வல் இதை யாருக்கும் பொறுமையாகச் சொன்னது கிடையாது. எழுபது வயது ரிட்டயர்டு டென்டிஸ்ட் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீ கொல்லப்போவது உன் பெண்டாட்டியை இல்லை, எதிரே வருகிற எவன் பெண்டாட்டியையோ என்று கத்துவான். அவர் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார். ஆனால் அடுத்த அக்டோபரில் அவனைத்தான் தேடி வருவார்.

தொண்ணூற்றாறு ஜூனில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு வெட்டு, பணிமூப்பு ரத்து. அறுநூற்று நாற்பது பேர் வெளியே வந்தோம். ஆகஸ்டில் எங்கள் வேலையைச் செய்யக் கம்பெனி கருங்காலிகளைக் கொண்டுவந்தது. எண்ணெய்க் கிணறுகளில் வேலை போனவர்கள், கடற்கரைப் பக்கத்து ஆட்கள். வீட்டை இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு வந்தார்கள். மேட்டுக்கு மேலே திருவிழா மைதானத்தில் ஏழு டிரெய்லர் நின்றது. அங்கிருந்து உருக்காலைக்கு ஆறு மைல் செங்குத்தான இறக்கம். தினமும் ஜன்னலில் வலை அடித்த வேன்களில் அவர்களை இறக்கினார்கள். கழுதை முழங்கை என்று நாங்கள் சொல்லும் வளைவில் நாங்கள் காத்திருந்தோம்.

அந்த மாதங்களைப் பற்றி வெட்கப்பட்டு மறைக்க எனக்கு எதுவும் இல்லை. கல் எறிந்தோம். கவண் வைத்து இரும்புக் குண்டு அடித்தோம். அவர்கள் எங்கள் ஆள் ஃபிலிபெர்த்தோ லுஹான் வீட்டுச் சுவரில் பதினொரு தோட்டா விட்டார்கள். பன்னிரண்டாவது அவன் நாய்க்குள் போனது. ஷெரீப்பின் ஆட்கள் லத்தியால் என் முழங்காலை உடைத்தது செப்டம்பர் இரண்டாம் தேதி.

அந்த வாரத்தில்தான் ஓர்வல் பெட்ரோல் பங்கில் வெஸ்லி கிரௌச்சைப் பார்த்தான். லூசியானாக்காரன், முப்பத்தைந்து வயது, செம்பட்டைத் தலை. வார்ப்புச் சக்கரத்தில் ஓர்வல் நின்ற அதே இடத்தில் இப்போது நிற்பவன். கிரௌச் சிரித்துக்கொண்டே சொன்னது பங்கில் நின்ற எல்லோர் காதிலும் விழுந்தது.

"வேலைய விட்டுக் குடுத்ததுக்கு ரொம்ப நன்றி பெரியவரே. சூடு கொஞ்சம் ஜாஸ்தி, மத்தபடி சொகமா இருக்கு."

ஓர்வல் டயர் கழற்றும் இரும்பால் அவன் தாடையை மூன்று துண்டாக்கினான். கிரௌச்சின் மகள், ஆறு வயதுப் பெண், பிக்கப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர்வலுக்கு மூன்று நாள் சிறை. பிறகு நெட்ரா வீட்டுப் பத்திரத்தை வைத்து ஜாமீன் வாங்கினாள். மைதானத்துக்குக் கால் மைல் பக்கத்தில் போனால் ஜாமீன் ரத்து என்று நீதிபதி எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

அவன் உள்ளே இருந்த அந்த மூன்று நாளில் நாங்கள் ஒரு முடிவு எடுத்தோம். கம்பெனி அந்த ஏழு டிரெய்லரையும் திங்கட்கிழமை உருக்காலை வேலிக்குள் இறக்கப் போகிறது என்று சேதி வந்திருந்தது. வேலிக்குள் போய்விட்டால் கருங்காலி ரோட்டுக்கே வரமாட்டான். வளைவில் நாங்கள் ஈ ஓட்ட வேண்டியதுதான். மறியல் படைக்குத் தலைவன் ரமீரோ எஸ்கொபேதோ. சுரங்கத்தில் தாது லாரி ஓட்டியவன். ஓர்வலுக்கு அவன் கொம்பாத்ரே. அதாவது அவன் இரண்டாவது பையனுக்கு ஓர்வல்தான் ஞானத்தகப்பன். எங்கள் ஊரில் அது ரத்த உறவுக்கு மேலே.

ரமீரோ யோசனை சொன்னான். டிரெய்லரின் பிரேக் கம்பியைச் சக்கர அச்சுக்குப் பக்கத்தில் வெட்டிவிடலாம். சக்கரம் இறுகிவிடும், ஒரு வாரத்துக்கு நகராது. அந்த அறையில் பதினொரு பேர். எல்லோரும் லாரிக்காரர்கள், உலைக்காரர்கள். லாரியில் காற்று பிரேக். குழாயை வெட்டினால் காற்று போகும், சக்கரம் கட்டிக்கொண்டு நிற்கும். வண்டி என்றால் அப்படித்தான் என்பது எங்களுக்குப் பால்குடியிலிருந்தே வந்த அறிவு. ஒருவனும் வாழ்நாளில் வீட்டு டிரெய்லர் இழுத்ததில்லை. எங்களுக்கு விடுமுறை ஏது? யோசனைக்கு ஆதரவாக நானும் கையைத் தூக்கினேன். ஞாயிறு இரவு நான்கு பேர் போய் ஏழையும் வெட்டிவிட்டு வந்தார்கள்.

திங்கள் காலை சங்க ஹாலின் சமையலறையில் பெண்கள் தோசைக்கல்லில் தோர்த்தியா சுட்டுக்கொண்டிருந்தார்கள். மணி ஏழரை. ரமீரோ அகண்ட சட்டியிலிருந்து பச்சை மிளகாய்க் கறியை அள்ளிக்கொண்டே, பத்து மணிக்குக் கருங்காலிகள் வண்டியை எடுக்கப்போவதையும் வண்டி அசையாமல் நிற்பதையும் நடித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். ஜாமீனில் வந்திருந்த ஓர்வல் காப்பியோடு மூலையில் இருந்தான். எந்தக் கம்பி என்று கேட்டான்.

"நீலம் கொம்பாத்ரே. அச்சுகிட்ட. இந்நேரம் சக்கரம் செத்த பொணம் மாதிரி வெறைச்சிருக்கும்."

ஓர்வல் கோப்பையை வைத்தான். அது விறைக்காது என்றான். இது காற்று இல்லை, கரன்ட். கம்பி போனால் பிரேக் கட்டாது, பிரேக்கே இருக்காது. அங்கே மேலே சமதரை, கிளம்பும்போது ஒருவனுக்கும் தெரியாது. இறக்கத்தில் இரண்டாவது மைலில்தான் தெரியும்.

தோர்த்தியா சுட்டுக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள். அந்த ஆறு மைலில் கழுதை முழங்கைக்கு வெளிப்பக்கம் தடுப்பு கிடையாது. இருநூறு அடி பள்ளம்.

அடுத்த ஐந்து நிமிடம் எங்கள் சங்கத்தின் உண்மையான வரலாறு. ஷெரீப்புக்கு போன் போடலாம் என்றாள் ஒருத்தி. போட்டால் வெட்டிய நான்கு பேருக்கும் பத்துப் பத்து வருடம், முடிவெடுத்த பதினொரு பேருக்கும் சதி வழக்கு, வேலைநிறுத்தம் அன்றைக்கே முடிந்தது. ரமீரோவுக்கு மூன்று பிள்ளைகள். ஒருவரும் போனைத் தொடவில்லை. போகட்டும் என்றான் ரமீரோ, முதலில் மெதுவாக, பிறகு சத்தமாக.

"அவனுங்கள யாரு வரச் சொன்னது? செத்தா சாவட்டும்."

"அவன் ஓட்டுவான். புள்ளைங்க பின்சீட்ல இருக்கும்," என்றான் ஓர்வல்.

"என் புள்ளைங்க மூணு மாசமா பீன்ஸ் திங்குது. உனக்கு என்ன திடீர்னு கருங்காலிப் புள்ள மேல பாசம்?"

ஓர்வல் அவன் வயிற்றில் குத்தினான். ரமீரோ கறிச் சட்டியோடு விழுந்தான். எழுந்து ஓர்வலின் கழுத்தைப் பிடித்தான். மேசை உடைந்தது. நானும் இன்னும் மூன்று பேரும் பிரித்தோம். ஓர்வல் சாவியை எடுத்தபோது நான் வாசலை மறித்தேன். நான் சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மேலே போனால் இந்த ஹாலுக்குத் திரும்பி வராதே என்றேன்.

"தள்ளு காகிதக்காரா. நோட்டீஸ் எழுதி ஒட்டு, நான் வந்து படிச்சுக்கறேன்."

மேலே நடந்ததை நான் பார்க்கவில்லை. கோர்ட்டில் கிரௌச்சின் மனைவி டாம்ரா சொன்னதையும் பிற்பாடு நெட்ரா சொன்னதையும் வைத்து எழுதுகிறேன்.

கம்பெனிக் காவல் பத்து மணிக்குத்தான் வரும். ஓர்வல் எட்டரைக்கு முன்பே மைதானத்தில் இருந்தான். அவன் பிக்கப்பை டாம்ராதான் முதலில் பார்த்தாள். கிரௌச் துப்பாக்கியோடு வந்தான். தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் பற்களுக்கு இடையே துப்புகிற மாதிரிதான் பேச்சு வந்தது. ஓர்வல் கையைத் தூக்கிக்கொண்டு, உன் டிரெய்லருக்கு அடியில் படுத்து நீலக் கம்பியைப் பார் என்றான். கிரௌச் படுக்கவில்லை. துப்பாக்கிக் கட்டையால் ஓர்வல் வாயில் அடித்தான். இரண்டு பல் விழுந்தது. கீழே விழுந்தவனின் விலாவில் பூட்ஸால் உதைத்தான். டாம்ரா எண்ணிக்கொண்டிருந்தாளாம், ஆறு உதை. ஓர்வல் திருப்பி அடிக்கவில்லை. அவன் வாழ்நாளில் அது முதல் தடவை என்று நெட்ரா சொன்னாள்.

டாம்ராதான் குனிந்து பார்த்தாள். "வெஸ், கம்பி தொங்குது," என்றாள்.

"நீதான வெட்டுன," என்றான் கிரௌச்.

"நான் வெட்டியிருந்தா வந்து உன்கிட்ட உதை வாங்குவேனா? மடையா, விளக்க பாத்தியா? பெட்டில பச்ச விளக்கு எரியுதா?"

அந்த விளக்கு டெக்சாஸ் தாண்டும்போதே செத்துவிட்டது என்றாள் டாம்ரா. ஓர்வல் ரத்தத்தைத் துப்பினான். அவர்களைத் திட்டினான், லூசியானாவை முழுசாகத் திட்டினான். பிறகு மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தான். கம்பியின் இரு முனையையும் பல்லால் உரிக்கப் பார்த்தான், பல் இல்லை. டாம்ரா சமையல் கத்தி கொடுத்தாள். முறுக்கி, டேப் சுற்றி, அடுத்த டிரெய்லருக்கு நகர்ந்தான். ஏழு டிரெய்லர். தரை பூரா நெருஞ்சி. கிரௌச் துப்பாக்கியோடு கூடவே நடந்தான். மற்ற ஆறு குடும்பமும் கதவுக்குள்ளிருந்து பார்த்தது.

ஒட்டியதோடு அவன் இறங்கிப் போயிருக்கலாம். கிரௌச்சின் பெட்டியை எட்டிப் பார்த்தான். எண் மூன்றில் இருந்தது. மலையே இல்லாத ஊரில் காலி டிரெய்லருக்கு வைத்த மூன்று. இப்போது உள்ளே தண்ணீர்த் தொட்டி நிறைய, ஒரு குடும்பத்தின் சாமான் முழுசாக. இதோடு இறங்கினால் கம்பி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றான். மற்றவர்களுடையதும் அதே கதைதான்.

மைதானம் சரளைக்கல். சரளையில் வைத்துப் பார்க்க முடியாது. கல்லில் சக்கரம் சீக்கிரமே கட்டிக்கொண்டு பொய் சொல்லும். தார் ரோட்டில்தான் பார்க்க வேண்டும். தார் ரோடு மேட்டு விளிம்பை ஒட்டி அரை மைல் நேராக ஓடுகிறது. கீழே எங்கள் ஆள் ஒருவன் பைனாகுலரோடு நாள் பூரா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஓர்வலுக்கு இது தெரியும். அந்தக் காவல் முறையை வகுத்தவனே அவன்தான்.

அவன் ஓட்டினான். கிரௌச் பக்கத்தில், துப்பாக்கி மடியில், குழல் ஓர்வலின் இடுப்பைப் பார்த்து. பிரேக் சூடாகட்டும் என்று முதலில் இரண்டு தடவை சும்மா மிதித்தான். பிறகு இருபத்தைந்து மைல். கைவிசையை ஓரம்வரை தள்ளினான். ஒன்றும் ஆகவில்லை. ஐந்தில் வைத்தான். கொஞ்சம் இழுத்தது. எட்டில் வைத்தான். பின்னால் டயர் அலறியது, கறுப்புக் கோடு விழுந்தது, புகை வந்தது. ஏழில் ஒரு கட்டு, ஆறரையில் ஒரு இழுப்பு. யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்த மாதிரி வண்டி தங்கியது, சக்கரம் உருண்டுகொண்டே இருந்தது. அங்கே நிறுத்தினான். பிறகு அவன் சொன்னதைக் கிரௌச் கோர்ட்டில் வார்த்தை மாறாமல் சொன்னான்.

"வால் ஆடுச்சுன்னா காலால மிதிக்காத. மிதிச்சா செத்த. இந்த விசைய மட்டும் தள்ளு. தள்ளிட்டு ஸ்டியரிங்க நேரா புடி. உன் அப்பன் வந்து சொன்னாலும் மிதிக்காத."

மற்ற ஆறு வண்டியையும் அவனே ஓட்டி வைத்தான். மொத்தம் ஏழு தடவை அந்த விளிம்பு ரோட்டில் போனான். கீழே பைனாகுலர்காரன் ஏழையும் எண்ணினான். ஒயர்லெஸ்ஸில் சேதி வந்தபோது வளைவில் நாங்கள் நூற்றைம்பது பேர் நின்றோம்.

"ஓர்வல் டீக் கருங்காலி வண்டி ஓட்டுறான். மாத்தி மாத்தி ஓட்டுறான்."

அவன் ஏன் ஓட்டுகிறான் என்று அந்த நூற்றைம்பது பேரில் பதினைந்து பேருக்குத் தெரியும். எனக்குத் தெரியும், ரமீரோவுக்குத் தெரியும். சொன்னால் கம்பியை வெட்டியதையும் சொல்ல வேண்டும். நான் தொண்டையைக்கூடக் கனைக்கவில்லை. கூட்டத்தில் ஒரு கிழவன், வார்ப்புச் சக்கரத்தில் ஓர்வலோடு பத்து வருடம் நின்றவன், அழுதான். பிறகு கீழே குனிந்து பெரிய கல்லாகப் பார்த்துப் பொறுக்கினான்.

பத்தே காலுக்கு வந்தார்கள். முன்னால் ஷெரீப் ஜீப், பிறகு கிரௌச், பிறகு மற்ற ஆறு, எல்லாம் தாழ்ந்த கியரில். வளைவுக்கு முன்னால் நாங்கள் எறிந்தோம். என் கையிலும் கல் இருந்தது. அது எங்கே விழுந்தது என்று தெரியாது. ஒரு கல் கிரௌச்சின் முன்கண்ணாடியை உள்ளே தள்ளியது. வண்டி இடப்பக்கம் பாய்ந்தது. அந்த வேகத்தில் டிரெய்லர் வெளிப்பக்கம் வீசியது, பிறகு உள்பக்கம், பிறகு முன்னைவிட அகலமாக வெளிப்பக்கம். அதன் பின்சக்கரம் பள்ளத்தின் ஓரத்து மண்ணைச் சரித்தது. பின்சீட்டில் செம்பட்டைத் தலைச் சின்னப் பெண் ஒருத்தி, வாய் திறந்து, சத்தம் கேட்காமல் அலறுவதை நான் பார்த்தேன். எறிவது நின்றது. 

கிரௌச் மிதிக்கவில்லை. அவன் முகம் பூரா ரத்தம், வலது கை ஸ்டியரிங்குக்குக் கீழே. டிரெய்லர் சக்கரத்திலிருந்து நீலப் புகை கிளம்பியது. பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி டிரெய்லர் நேராகியது. வளைவைத் தாண்டிப் போனார்கள். மற்ற ஆறும் போனது.

கடைசியாக ஓர்வல் வந்தான், தன் பழைய பிக்கப்பில், தனியாக. இறங்க அதைத் தவிர வேறு ரோடு இல்லை.

அவனை ஜன்னல் வழியாக இழுத்தார்கள். அவன் முதலில் இழுத்தவனின் மூக்கை உடைத்தான். இன்னொருவனின் தோள்பட்டை இறங்கியது. அந்த விலாவோடு அவன் நான்கு நிமிடம் நின்று சண்டை போட்டான். பிறகு விழுந்தான். விழுந்த பிறகு அடித்தவர்களில் பெண்களும் உண்டு. மறியல் பலகை கட்டியிருந்த கோடாலிக் காம்பால் ரமீரோ அவன் வலது கையை ரோட்டில் வைத்து அடித்தான். ஒரு அடி. எலும்பின் சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஐந்தடி தூரத்தில் முழங்கால் கட்டோடு நின்றிருந்தேன். என் ஒரு வார்த்தை அவர்களை நிறுத்தியிருக்கும். அன்றைக்கு எனக்கு அவ்வளவு செல்வாக்கு இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து ஷெரீப் அவனைக் கேட்டார். கம்பியை வெட்டியது யார், கையை உடைத்தது யார்? சொன்னால் தாடை வழக்கும் ஜாமீன் வழக்கும் காற்றில் போகும் என்றார். ஓர்வல், நர்ஸைக் கூப்பிடு, இவனுக்கு வாய் நாறுகிறது என்று சொன்னானாம். அரசு வக்கீல்கள் மூன்று தடவை வந்தார்கள். மூன்று தடவையும் பேர் வரவில்லை. பதினாலு மாதம் கொடுத்தார்கள். ஜாமீன் முறிந்ததால் வீடும் போனது. அவன் உள்ளே இருக்கும்போதே சங்கம் அவனை நீக்கியது. தீர்மானம் கொண்டுவந்தவன் நான். ஆதரவு இருநூற்றுப் பன்னிரண்டு, எதிர்ப்பு முப்பத்தொன்று. முப்பத்தொன்றில் ரமீரோவின் மனைவி எலோய்சாவின் கையும் இருந்தது. சமையலறைக் குழு உறுப்பினர் என்று அவளுக்கும் ஓட்டு உண்டு.

பிப்ரவரியில் வேலைநிறுத்தம் உடைந்தது. அறுநூற்று நாற்பதில் நாற்பது பேரைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. வடக்கே நெவாடாவில் தங்கச் சுரங்கம் ஆள் எடுக்கிறது என்றார்கள். வீட்டு வாடகைக்கு வழியில்லாதவர்கள் பழைய வீட்டு டிரெய்லர் வாங்கினார்கள். கருங்காலிகள் எதை இழுத்துக்கொண்டு வந்தார்களோ அதையே இழுத்துக்கொண்டு நாங்கள் கிளம்பினோம்.

தொண்ணூற்றெட்டு வசந்தத்தில் ரமீரோவின் முறை வந்தது. நானும் அவனோடு கிளம்பினேன். அங்கே ஒரு சங்கத்தில் எனக்கு எழுத்தர் வேலை. நெடுஞ்சாலைப் பிரிவில் அந்த டிரெய்லர் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிவிடலாம் என்றான் ரமீரோ. நிறுத்து என்றாள் எலோய்சா. பின்னால் மூன்று பிள்ளைகள், முன்னால் இரண்டு கணவாய். வண்டியில் இருக்கிற பெட்டி என்ன எண்ணில் இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஓர்வல் கடை வாசலில் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். முன்பல் இல்லை. வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. எழுந்து வந்தான். எங்களைப் பார்க்காமல் டிரெய்லரைச் சுற்றி நடந்தான். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, சாமான் அச்சுக்கு முன்னாலா பின்னாலா என்று எலோய்சாவிடம் கேட்டான். அவள் சொன்னாள். ரமீரோ இறங்கி நின்றான். கொம்பாத்ரே என்று ஆரம்பித்தான்.

ஓர்வல் இடது கையால் அடித்தான். அடி கன்னத்தில் விழுந்தது. ரமீரோ டிரெய்லர் இணைப்புக் கொக்கியில் மண்டை மோதி உட்கார்ந்தான். அவன் எழுந்து கையை ஓங்கவில்லை. எலோய்சா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா? இல்ல இன்னும் இருக்கா?"

"இன்னும் ஒன்னு இருக்கு," என்றான் ஓர்வல்.

அது எனக்கு. வருவதைப் பார்த்தேன், நகரவில்லை. நான் கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். கடைவாய்ப் பல் நாக்கில் தட்டுப்பட்டது. அவர்கள் வண்டியில் ஏறியிருந்தார்கள். ரமீரோ ஓட்டினான், ஓர்வல் பக்கத்தில். கண்ணாடி இறக்கியிருந்ததால் அவன் கத்துவது எனக்குக் கேட்டது.

"இருபத்தஞ்சு. இருபத்தஞ்சுன்னா இருபத்தஞ்சு, கழுத. கால எடு. இப்பத் தள்ளு."

கடையை ஒட்டிய ரோட்டில் போய்ப் போய்த் திரும்பினார்கள். முதல் இரண்டு தடவை சக்கரம் கட்டிப் புகைந்தது. மூன்றாவது தடவை பிடிப்பே இல்லை, ஓர்வல் ரமீரோவின் பின்மண்டையில் ஒன்று போட்டான். நான்காவது தடவை டயர் கத்தவில்லை. வண்டி மெல்லத் தங்கி நின்றது. பிள்ளைகள் பின்சீட்டிலிருந்து எதையோ கேட்டார்கள், ஓர்வல் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். நான் தரையிலிருந்து எழுந்து, ரத்தத்தைத் துப்பிவிட்டு, என் இடத்தில் ஏறி உட்காருவதற்காக அவர்கள் வரட்டும் என்று காத்திருந்தேன்.